ஒரே பெயர், இரண்டு சிப்: பிராசஸர் வாங்குமுன் படிக்க வேண்டிய ஐந்து எழுத்து

2019-ஆம் ஆண்டு மத்தியில், ஆர்க்கிடெக்சர் படித்துக்கொண்டிருந்த என் இளைய மகளுக்காக ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டினேன். எட்டு மாதத்துக்கு முன் என் அண்ணன் மகன் ஒன்று பூட்டியிருந்தான்; அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நான் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. அவன் வாங்கிய சாமான்களின் பட்டியலை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதே மாடல் மதர்போர்டு ஒரு கடையில் பழைய ஸ்டாக் என்று விலை குறைத்துக் கிடைத்தது. அதே பிராசஸர், இன்டெல் கோர் ஐ7-9700கே, இன்னொரு கடையில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. திரையில் ஒன்றுமே இல்லை. மெமரியை மாற்றிப் பார்த்தேன், கேபிளை மாற்றிப் பார்த்தேன். பலன் இல்லை. மறுநாள் காலை பிராசஸரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், நாலு பேர் பார்க்க, செத்த சரக்கை விற்றுவிட்டாய் என்று அங்கிருந்த பையனிடம் சத்தம் போட்டேன். அவன் பொறுமையாக அதைத் தன் போர்டில் பொருத்திக் காட்டினான். ஓடியது. "சார், பீஸ் நல்ல பீஸ்தான். உங்கள் போர்டின் பயாஸைப் பாருங்கள்" என்றான். எனக்கு அது சாக்குப்போக்காகப் பட்டது.

மாலையில் அண்ணன் மகன் வந்து, இரண்டு பிராசஸர்களின் பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லேபிளில் இருந்த பொடி எழுத்தைப் படித்தான். அவனுடையதில் 'எஸ்ஆர்இஎல்டி', என்னுடையதில் 'எஸ்ஆர்ஜி15'. "சித்தப்பா, பெயர்தான் ஒன்று. சிப் வேறு" என்றான்.

பையன் சொன்னதுதான் சரி. என்னுடைய சிப் பிந்திய திருத்தம். மலிவாகக் கிடைத்த மதர்போர்டில் இருந்த பயாஸ் அதற்கு முந்தியது. அந்தத் திருத்தத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணன் மகனுடைய பழைய சிப்பைக் கடன் வாங்கி அந்த போர்டில் பொருத்தி, பயாஸைப் புதுப்பித்து, பிறகு என் சிப்பைப் போட்டதும் திரை வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை. போனது ஒரு நாளும் என் மரியாதையும்தான்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை இங்கே பாடமாக எழுதுகிறேன். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வீடுகளில் இது உதவும்.

வரைபடத்தில் ஆல்ட், சிப்பில் ஸ்டெப்பிங்

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லக்னோவில் இருக்கும் ஆர்.டி.எஸ்.ஓ. வெளியிடும் வரைபடம் ஒன்றைக் கையில் எடுத்தால், வரைபட எண்ணைப் பார்த்த கையோடு அதன் 'ஆல்ட்' எண்ணையும் பார்ப்போம். முதல் வரைபடத்தில் ஒரு துளையின் அளவு மாறியிருந்தால் ஆல்ட் 1. பிறகு உலோகத்தின் தரம் மாறினால் ஆல்ட் 2. வரைபட எண் மாறாது. ஆல்ட் எண் தெரியாமல் பாகத்தை ஆர்டர் செய்தால் வந்த பாகம் வண்டியில் உட்காராது. பணிக்காலம் முழுவதும் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நான், கடையில் பெயரை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்தேன்.

பிராசஸருக்கும் அதே முறைதான். 'கோர் ஐ7-9700கே' என்பது வரைபட எண் மாதிரி. அதன் உள்ளே இருக்கும் சிலிக்கானின் திருத்த எண்ணுக்கு ஸ்டெப்பிங் என்று பெயர். ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து ஏ0, பி2, ஜி0 என்று அதைக் குறிப்பார்கள். பொதுவாக எழுத்து மாறினால் பெரிய மாற்றம். சிலிக்கானின் அடி அடுக்குகளிலிருந்தே மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எண் மட்டும் மாறினால் மேலே ஓடும் உலோக இணைப்பு அடுக்குகளில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அண்ணன் மகனுடைய சிப் பி0, என்னுடையது ஆர்0.

அந்த ஆர்0-வில் என்ன மாறியது? 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியாயின. ஒரு புரோகிராமின் ரகசியத்தை இன்னொரு புரோகிராம் எட்டிப் பார்க்க அவை வழி விட்டன. பி0 சிப்பில் மெல்ட்டவுனுக்கான தடுப்பு சிலிக்கானிலேயே இருந்தது. 2019 மே மாதம் எம்.டி.எஸ். என்ற அடுத்த குறை வெளியானது. ஆர்0-வில் அதற்கும் தடுப்பு உண்டு. பெயரும் வேகமும் மாறாததால் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

1994-இல் நடந்த பாடம்

திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்குக் காட்டியது இன்டெலின் முதல் பென்டியம். அதற்கு முன்பே ஒரு சிறு எச்சரிக்கை இருந்தது. ஆரம்பகால 386 சிப்கள் சிலவற்றில் 32 பிட் பெருக்கல் தப்பாக வந்தது. 1987-இல் சோதித்துத் தேறியவற்றின் மேல் சிக்மா என்ற கிரேக்க எழுத்தை இரண்டு தடவை அச்சிட்டார்கள். தேறாதவற்றின் மேல் '16 பிட் சாஃப்ட்வேருக்கு மட்டும்' என்று அச்சிட்டார்கள். சிப்பின் மேல் இருக்கும் எழுத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது.

பென்டியத்தில் தவறு வகுத்தலில் இருந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களைப் பற்றிய ஒரு நீண்ட கணக்கைப் பல கம்ப்யூட்டர்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1994 ஜூனில் விடைகள் ஒத்துவரவில்லை. அவர் உடனே சிப்பைக் குற்றம் சொல்லவில்லை. தன் புரோகிராமா, கம்பைலரா, மதர்போர்டா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். பிராசஸர்தான் என்று உறுதிப்பட அக்டோபர் ஆகிவிட்டது. முதலில் இன்டெலுக்குச் சொன்னார். 30-ஆம் தேதி மற்ற அறிஞர்களுக்கு எழுதினார். அரை நாளில் கடைப் பையனைத் திருடன் ஆக்கிய என்னை நினைக்கும்போது இந்த நாலு மாதம்தான் ஞாபகம் வருகிறது.

தவறு என்ன? வேகமாக வகுப்பதற்காகச் சிப்பினுள் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். அதில் எண் இருக்க வேண்டிய ஐந்து இடங்கள் காலியாக இருந்துவிட்டன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும். அந்தச் சிப்பில் 1.33373 என்று வந்தது. வந்த ஈவை மறுபடி 3145727-ஆல் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 256 நின்றது.

சாதாரண உபயோகிப்பாளருக்கு இருபத்தேழாயிரம் வருடத்துக்கு ஒரு முறைதான் இந்தத் தவறு நேரும் என்றது இன்டெல். இருபத்து நாலு நாளுக்கு ஒரு முறை நேரலாம் என்று கணக்குப் போட்டது ஐ.பி.எம்.; அந்தச் சிப் உள்ள தன் கம்ப்யூட்டர்களை அனுப்புவதையும் டிசம்பரில் நிறுத்தியது. கடைசியில் 1994 டிசம்பர் 20 அன்று, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருகிறோம் என்று இன்டெல் அறிவித்தது. அதற்காக அது ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஸ்டெப்பிங். 60, 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் டி1 முதலும், 75, 90, 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் பி5 முதலும் இந்தத் தவறு நீங்கியது. ஆனால் பழையதும் புதியதும் ஒரே பெயரில்தான் இருந்தன. உங்களுடையது எது என்று கேட்டால், சிப்பின் மேல் இருக்கும் சிறிய எண்ணைப் படித்தவருக்குத்தான் பதில் தெரியும்.

தவறைச் சரிசெய்யும் மூன்று வழிகள்

முதல் வழி சிலிக்கானையே மாற்றுவது. பென்டியத்துக்கு அதுதான் நடந்தது. செலவு அதிகம், மாதக் கணக்கில் காலம் ஆகும்.

இரண்டாவது வழி, தவறான பாதையில் போகாதபடி பயாஸோ ஆபரேட்டிங் சிஸ்டமோ சுற்றிப் போவது. ரயில் பாலத்தில் விரிசல் கண்டால் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைப்பது போன்றது இது. வண்டி போகும், மெதுவாகப் போகும். ஏ.எம்.டி. 2007 நவம்பரில் வெளியிட்ட நாலு கோர் ஃபெனம் சிப்பின் பி2 ஸ்டெப்பிங்கில் டி.எல்.பி. என்ற பகுதியில் ஒரு தவறு இருந்தது. அபூர்வமாக கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடலாம். பயாஸ் மூலம் தடுத்தார்கள். ஆனால் சில வேலைகளில் வேகம் பத்து சதவீதத்துக்கு மேலும் குறைந்தது. 2008 மார்ச்சில் பி3 ஸ்டெப்பிங் வந்தபோது ஏ.எம்.டி. ஒரு நல்ல காரியம் செய்தது: 9600 என்று இருந்ததற்குப் பதில் 9550, 9750, 9850 என்று ஐம்பதில் முடியும் எண்களைக் கொடுத்தது. வாங்குபவர் லென்ஸ் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது வழி மைக்ரோகோட். சிப்பின் உள்ளே உள்ள கட்டளைகளில் சிலவற்றை வெளியிலிருந்து மாற்றி எழுதும் வசதி இது. இன்டெலில் 1995-இல் வந்த பென்டியம் புரோவிலிருந்து இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போடும் ஒவ்வொரு தடவையும் பயாஸோ ஆபரேட்டிங் சிஸ்டமோ புதிய மைக்ரோகோடைச் சிப்புக்குள் ஏற்றும். பயாஸைப் புதுப்பியுங்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுவே.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தவறே இல்லாத பிராசஸர் கிடையாது. இன்டெல் தன் ஒவ்வொரு வரிசைக்கும் 'ஸ்பெசிஃபிகேஷன் அப்டேட்' என்ற ஆவணத்தையும், ஏ.எம்.டி. 'ரிவிஷன் கைடு' என்ற ஆவணத்தையும் யாரும் படிக்கும்படி வெளியிடுகின்றன. தெரிந்த தவறுகள் வரிசை எண் போட்டு, எந்த ஸ்டெப்பிங்கில் உண்டு, எதில் நீங்கியது என்று அட்டவணையாக இருக்கும். பலவற்றுக்கு நேராக 'திருத்தம் இல்லை' என்றே எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டு உபயோகத்தில் எட்டிப் பார்க்காதவை.

மெதுவாகக் கெடும் தவறு

பயப்பட வேண்டியது வேறு ஒரு வகைக்கு. வாங்கும் அன்று சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். நாளாக ஆகத் தேய்ந்து போகும்.

2011 ஜனவரி 31 அன்று இன்டெல், தன் 6 வரிசை சிப்செட்டை அனுப்புவதை நிறுத்தியது. சிப்செட் என்பது மதர்போர்டில் இருக்கும் துணைச் சிப். அதன் பி2 ஸ்டெப்பிங்கில், ஹார்டு டிஸ்க் மாட்டும் துவாரங்களில் மெதுவான நாலும் காலப்போக்கில் பலவீனமாகும் நிலை இருந்தது. வேகமான இரண்டுக்கும் பாதிப்பு இல்லை. திருத்திய பி3 வந்ததும் மதர்போர்டு கம்பெனிகள் பெட்டியின் மேல் 'பி3' என்று பெரிதாக அச்சிட்டே விற்றன.

இரண்டாவது உதாரணம் கிட்டத்தில் நடந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைத் தாமே கேட்டு வாங்கி உள்ளே பழுதடைந்தன. கம்ப்யூட்டர் காரணமில்லாமல் நின்றுபோகும். விளையாட்டுகள் பாதியில் அறுந்துபோகும். 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இதற்கான மைக்ரோகோடுகள் வந்தன. ஆனால் இந்த மருந்து நோய் வராமல் தடுக்கும். வந்த நோயைத் தீர்க்காது. பழுதான சிப்பை மாற்றத்தான் வேண்டும். அதற்காக இன்டெல், பெட்டியில் விற்ற சிப்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் கூட்டியது.

ஆகையால் இந்த இரண்டு தலைமுறையில் பழைய சிப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். முந்தைய சொந்தக்காரர் பயாஸைப் புதுப்பித்தாரா, எத்தனை நாள் புதுப்பிக்காமல் ஓட்டினார் என்று அந்தச் சிப்பைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்பது ஒன்றுதான் நமக்குப் பிடிமானம்.

திருத்தம் எல்லாம் தவறுக்காக அல்ல

கோர் 2 குவாட் கியூ6600 என்ற சிப் 2007 ஜனவரியில் வந்தது. ஸ்டெப்பிங் பி3; சூட்டின் அளவு 105 வாட். அதே வருடம் ஜி0 வந்தபோது, வேகம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் இருக்க, சூடு 95 வாட்டாகக் குறைந்தது. விஷயம் தெரிந்தவர்கள் கடையில் 'எஸ்எல்ஏசிஆர்' என்று குறியீட்டைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

ஏ.எம்.டி.யின் ரைசன் 5 1600 இன்னும் வேடிக்கை. 2017-இல் வந்தது 14 நானோமீட்டர் சிப். 2019-இல் அதே பெயரில் 12 நானோமீட்டர் சிப்பை வைத்து விற்றார்கள். பெட்டியின் பார்ட் நம்பரில் முன்னதில் 'ஏஇ', பின்னதில் 'ஏஎஃப்'. அந்த ஓர் எழுத்தில் அடுத்த தலைமுறையே இருந்தது.

எதிர் உதாரணமும் உண்டு. 2022-இல் வந்த கோர் ஐ5-12400, சி0 என்றும் எச்0 என்றும் இரண்டு ஸ்டெப்பிங்கில் விற்கப்பட்டது. சி0 என்பது பெரிய சிப்பில் சில பகுதிகளை அடைத்தது. எச்0 ஆறு கோருக்கென்றே செய்தது. உபயோகத்தில் இரண்டும் ஒன்றே. இதற்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. எந்தத் திருத்தம் நமக்கு முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

1. பிராசஸர் பெட்டியின் லேபிளைப் படியுங்கள். இன்டெலில் 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் ஐந்து எழுத்துக் குறியீடு இருக்கும். சிப்பின் உலோக மூடியிலும் அதே குறியீடு இருக்க வேண்டும். இரண்டும் வேறானால் வாங்க வேண்டாம். இன்டெலின் வலைத்தளத்தில் அந்தக் குறியீட்டைத் தேடினால் ஸ்டெப்பிங் கிடைக்கும். ஏ.எம்.டி.யில் முழுப் பார்ட் நம்பரையும் கடைசி எழுத்துவரை படியுங்கள்.

2. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த போர்டுக்குரிய பிராசஸர் பட்டியலைப் பாருங்கள். பல பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டெப்பிங்கும், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அது ஓடும் என்பதும் இருக்கும். நான் பார்க்கத் தவறிய பத்தி அதுதான்.

3. பழைய ஸ்டாக் போர்டு வாங்கினால் பயாஸைக் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் பொத்தான் இருக்கும். அது இருந்தால் நல்லது. வீட்டில் செய்வதானால் யு.பி.எஸ். இல்லாமல் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம்.

4. பெட்டியில் வருவதற்கும் 'ட்ரே' என்று தனியாக விற்பதற்கும் வித்தியாசம் உண்டு. பெட்டிச் சிப்புக்குத் தயாரிப்பாளரின் மூன்று வருட வாரண்டி சாதாரணமாக இருக்கும். ட்ரே சிப்புக்கு விற்ற கடைக்காரர்தான் பொறுப்பு. ஜி.எஸ்.டி. பில்லில் சிப்பின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள்.

5. தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு போன்ற எந்தப் பெரிய சந்தையிலும் பழைய சிப் கிடைக்கும். மூடியில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று அச்சிட்டிருந்தாலும், குறியீடு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கினாலும் அது சோதனைக்காகச் செய்த மாதிரிச் சிப். விற்பனைக்கு உரியதல்ல, வாரண்டியும் இல்லை. எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

வீட்டுப் பயிற்சி

இன்று மாலை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'சிஸ்டம்இன்ஃபோ' என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்துப் பாருங்கள். பிராசஸர் என்ற இடத்தில் ஃபேமிலி, மாடல், ஸ்டெப்பிங் என்று மூன்று எண்கள் வரும். என் மகளின் கம்ப்யூட்டரில் 6, 158, 13 என்று வருகிறது. 13 என்பது ஆர்0. அண்ணன் மகனுடையதில் 12, அதாவது பி0. சிப் தன் திருத்த எண்ணைத் தானே சொல்கிறது; கேட்பதுதான் நம் வேலை. அப்படியே பயாஸின் பதிப்பையும் தேதியையும் குறித்துக்கொண்டு, போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அதற்குப் பிந்தியது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிய பில்லோடு வைத்துவிடுங்கள். வாரண்டி கேட்கும் நாளில் தேட வேண்டியிருக்காது.

கடைசியாக ஒன்று. திரை வந்த மறுநாள் நான் அந்தக் கடைக்குப் போய், நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்தே பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "பரவாயில்லை சார், இந்த மாதத்தில் நீங்கள் மூன்றாவது ஆள்" என்றான். இதைப் படித்த நம் சங்கத்து அன்பர்கள் நாலாவது ஆளாகப் போய் நிற்க வேண்டாம்.